பாத்தியும் மாலையும்

பூப்பாத்தியில் எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது என்ற கேள்வி தமிழில் எப்போதாவது கேட்கப்பட்டிருக்கிறதா? கவிதைக்கும் விமர்சனத்துக்குமான இந்தப் பக்கங்களில் தோட்டக்கலைச் சமாசாரத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். கேள்வி ரசனை பற்றியது. ரசனை எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது, வந்து சேர்ந்த ஊரின் வெயிலில் அது என்ன ஆகிறது என்பதெல்லாம் நமக்குப் பழகிய தகராறுகள்தாம். நாவலைப் பற்றியும் புதுக்கவிதையைப் பற்றியும் நாம் ஓயாமல் போட்டுக்கொள்கிற சண்டையை ஒரு நாலடி அகலப் பாத்தியில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன என்பது என் எண்ணம்.

1

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள். அவர்களுக்கும் அது முதலில் துணியிலிருந்துதான் வந்தது. பாரீஸின் கோபெலான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற ரசாயன விஞ்ஞானி. கறுப்புச் சாயத்தில் ஆழம் போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும் கறுப்பை வெளிறச் செய்துகொண்டிருந்தன. ஒரு நிறம் தனக்குத் தானே நிறமாக இருப்பதில்லை, பக்கத்து நிறம் அதை மாற்றிவிடுகிறது என்று அவர் 1839இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். ஓவியர்கள் அதைப் படித்தது எல்லோருக்கும் தெரியும். மலர்ச்செடிகளை எப்படி நடவேண்டும் என்பதற்கும் அந்த நூலில் இடமிருந்தது அவ்வளவாகத் தெரியாது. நீலத்தின் பக்கத்தில் ஆரஞ்சை வை, ஊதாவின் பக்கத்தில் மஞ்சளை வை என்ற விதி அங்கிருந்து தோட்டத்துக்குள் நுழைந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தின் பணக்காரத் தோட்டங்கள் கம்பளம் விரித்தது போலிருந்தன. கண்ணாடி வீட்டில் வளர்த்த செடிகளைக் கோடைக்கு மட்டும் வெளியே கொண்டுவந்து வட்டமாகவும் நட்சத்திரமாகவும் நட்டார்கள். ரத்தச் சிவப்பு, கடும் மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றும் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும். பூத்து முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். இதை எதிர்த்துக் கிளம்பியவர் வில்லியம் ராபின்ஸன். 1870இல் 'காட்டுத் தோட்டம்' பற்றி ஒரு நூல், 1871இல் ஒரு வாரப் பத்திரிகை, 1883இல் ஆங்கிலப் பூந்தோட்டம் பற்றி இன்னொரு நூல் என்று விடாமல் எழுதித் தாக்கினார். அவர் முன்வைத்தது பல்லாண்டுச் செடிகளை. குளிர் வந்தால் மண்ணுக்கு மேலே செத்து, வேரில் உயிரை வைத்துக்கொண்டு, வசந்தத்தில் மறுபடி எழும் செடிகள் அவை. பத்திரிகை நடத்தி ஒரு ரசனையைக் கவிழ்க்க முடியும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். நம்மைப் போன்றவர்கள் பொறாமைப்படலாம்.

அந்தப் பத்திரிகையில் எழுத வந்தவர்களில் ஒருவர் ஜெர்ட்ரூட் ஜீகில் (1843–1932). லண்டனில் ஓவியம் படித்தவர். டர்னரின் படங்களைப் பிரதி செய்து கை பழகியவர். கண் பார்வை மோசமாகிக்கொண்டே வந்து, 1891இல் ஒரு ஜெர்மன் கண் வைத்தியர் நுணுக்கமான கைவேலைகளை விட்டுவிடும்படி சொன்ன பிறகு, தூரிகையால் செய்ய முடியாததைச் செடிகளால் செய்ய ஆரம்பித்தார். ஸர்ரே மாவட்டத்தில் மன்ஸ்டெட் வுட் என்ற தம் இடத்தில் சுமார் 200 அடி நீளமும் 14 அடி அகலமுமாக அவர் அமைத்த பாத்தி இந்தத் துறையின் மூலபாடம். ஒரு முனையில் சாம்பல் இலைகளும் வெளிர் நீலமும் வெள்ளையும் தொடங்கும். பிறகு வெளிர் மஞ்சள், மஞ்சள், ஆரஞ்சு என்று சூடு ஏறி நடுவில் சிவப்பு எரியும். மறுபடி ஆரஞ்சு, மஞ்சள் என்று இறங்கி, மற்ற முனையில் ஊதாவும் சாம்பலுமாக அடங்கும். 1908இல் வெளியான அவருடைய நிறம் பற்றிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. பார்வை மங்கியவர் செய்த காரியம் என்பதை மறக்கக் கூடாது. அவருக்குத் தனிப் பூ தெரியாமல் நிறத்தின் திரள் மட்டும் தெரிந்தது. திரள்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நகரும் அந்த நகர்வுதான் அவர் கண்டுபிடிப்பு.

அது தானாக நடந்துவிடவில்லை. எங்காவது பூத்து முடிந்து ஓட்டை விழுந்தால் தொட்டியில் வளர்த்த லில்லியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் இறக்கிவிடுவார். இயற்கையாகத் தோன்றுகிற அந்தப் பாத்திக்குப் பின்னால் நாடக மேடையின் பின்புறம் போலக் கூலியாட்கள் இருந்தார்கள். நவீனத்துவ இலக்கியத்தின் பக்கத்திலும் இந்த மரபு வந்து போயிருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் 'ஆர்லாண்டோ'வை எழுதத் தூண்டுதலாக இருந்த வீடா ஸாக்வில்-வெஸ்ட்தான் பிற்பாடு ஸிஸிங்ஹர்ஸ்ட்டில் வெள்ளைப் பூக்களும் சாம்பல் இலைகளும் மட்டுமேயான தோட்டத்தை அமைத்தவர். கவிதை எழுதிய கை.

2

இது எப்படிச் சென்னைக்கு வந்தது? வந்ததா என்றே கேட்க வேண்டும்.

1639இல் ஆங்கிலேயர் இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம் துணி, அதுவும் நிறம் ஏற்றிய துணி. சோழமண்டலக் கரையின் மணலில் தோண்டி எடுத்த சாயவேர் படிகாரத்தோடு சேர்ந்து பருத்தியில் ஏற்றிய சிவப்பு, எத்தனை வெளுத்தாலும் போகாதது என்று பெயர் பெற்றது. 1734இல் கவர்னர் பிட் காலத்தில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் துணியில் சித்திரம் தீட்டுபவர்களையும் குடியேற்றி உண்டாக்கியதுதான் சின்னத் தறிப் பேட்டை என்கிற சிந்தாதிரிப்பேட்டை. நிறத்தின் மேல் கட்டிய பட்டணம் என்று சொன்னால் மிகையில்லை.

எனக்குத் தெரிந்து, நிறத்துக்காகவே இங்கே போடப்பட்ட முதல் ஆங்கிலேயத் தோட்டத்தில் பூவே முக்கியமில்லை. கம்பெனியின் தலைமை வைத்தியரான ஜேம்ஸ் ஆண்டர்ஸன் 1780களின் கடைசியில் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றைப் போட்டார். ஆங்கிலேயர் வாயில் 'மார்மலாங்' ஆகிவிட்ட மாம்பலத்தின் பக்கம், அடையாற்றங்கரை. கள்ளியின் மேல் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து ஒரு சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்ஸிகோவை வைத்திருந்த ஸ்பெயின் அந்தச் சிவப்பைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. ஆங்கில ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு அதுதான் சாயம். ஆண்டர்ஸன் இங்கே கண்ட பூச்சிகள் உதவவில்லை. 1795இல் பிரேஸிலிலிருந்து கப்பல் கேப்டன் ஒருவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி பிறகு தெற்கிலும் பரவியது. அது சரியான ஜாதியல்ல, மட்டமான சிவப்பைக் கொடுக்கும் காட்டு ஜாதி. ஆனால் கள்ளியைத் தின்பதில் மகா சமர்த்து. சாயம் வரவில்லை, ஊரெல்லாம் வேலியாக மண்டியிருந்த ஒரு வகைக் கள்ளி அழிந்தது. களைச்செடியைப் பூச்சியால் ஒழித்த முதல் சம்பவம் என்று இன்று பூச்சியியல் நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. இன்றைய தி.நகருக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே நிற்பவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்: இங்கே ஒருவர் சிவப்பைப் பயிரிடப் பார்த்தார்.

அடுத்தது கதீட்ரல் சாலை. 1835இல் தொடங்கிய விவசாய-தோட்டக்கலைச் சங்கத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து வைத்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெரிய சித்திரத் தொகுதி 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர்ச் சித்திரக்காரர்கள். அந்தத் தொகுதியின் அச்சுப் படங்களில் நிறமில்லை. நிறம் ஏற்றினால் செலவு கட்டாது. வேறு சில சிறிய நூல்களுக்கு மட்டுமே நிறம் ஏற்றினார்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு வைட் சூட்டினார். நிறத்தோடு பார்த்து நிறத்தோடு வரைந்தவர்களின் வேலை கோடாக மட்டும் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் ஏதோ ஒன்று இருக்கிறது. இதை இழுத்துக் குறியீடாக்கிவிட வேண்டாம். செலவுக் கணக்குதான் காரணம்.

சங்கத்தின் வழியாகவும் தோட்ட வீடுகளின் வழியாகவும் இங்கே வேர் பிடித்த பூக்களின் பட்டியலைப் பார்த்தால் ராபின்ஸனும் ஜீகிலும் இங்கு வந்து சேரவில்லை என்பது தெரியும். வந்தது அவர்கள் எதிர்த்த கம்பளம்தான். நம்முடைய பூங்காக்களில் சிவப்பு இலைச் செடியை வெட்டி வெட்டி எழுத்தாகவும் சின்னமாகவும் நிறுத்தியிருப்பது அந்தப் பழைய விக்டோரியா காலத்து ரசனையின் மிச்சம். ஜீகிலின் வாரிசு என்று எதையாவது காட்ட வேண்டுமானால் தில்லிக்குப் போக வேண்டும். அவரோடு பல தோட்டங்களில் சேர்ந்து வேலை செய்த லட்யன்ஸ் வைஸ்ராய் மாளிகைக்குத் தோட்டம் வகுத்தார். முகல் தோட்டம் என்று இருந்து 2023இல் அம்ருத் உத்யான் ஆன இடம் அது. அங்கே பனிக்காலம் என்று ஒன்று உண்டு. பிப்ரவரியில் ஒரு வசந்தம் வரும்.

3

சென்னையில் அது இல்லை. பல்லாண்டுச் செடி என்ற கருத்தே இங்கே ஆட்டம் காண்கிறது. மண்ணுக்குள் போய்த் தூங்க இங்கே குளிர் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மழை விட்டதும் விதைத்தவை தையிலும் மாசியிலும் பூக்கும், பங்குனியில் கருகும். வருஷம் முழுக்க நிற்பவை வேறு. அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி, கனகாம்பரம், நித்யகல்யாணி, கல்வாழை. இவற்றில் நித்யகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. கல்வாழை அமெரிக்காவிலிருந்து. காகிதப்பூ பிரேஸில். அந்திமந்தாரை தென் அமெரிக்கா. துலுக்கச் சாமந்தி மெக்ஸிகோ. நம்முடையது என்று நாம் அடித்துச் சொல்கிற தோட்டத்தில் பாதி கப்பலில் வந்தது. சுதேசி நிறம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் இந்தப் பட்டியலை நீட்டலாம்.

வெயில் இன்னொரு விஷயம். ஸர்ரேயில் உச்சிக் கோடையிலும் சூரியன் தலைக்கு மேல் வருவதில்லை. வெளிச்சம் சாய்ந்து, ஈரத்தில் வடிகட்டி விழுகிறது. அந்த வெளிச்சத்தில் சாம்பல் நீலத்துக்கும் வெளிர் ஊதாவுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் தெரியும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் வெளிர் நிறம் எல்லாம் ஒரே சுண்ணாம்பு. தாங்கி நிற்பது கடும் சிவப்பும் கடும் மஞ்சளும்தான். பனகல் பூங்காவிலோ வேறு எந்த நகராட்சிப் பூங்காவிலோ சிவப்புக் கல்வாழையை மஞ்சள் கல்வாழையோடு நட்டிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிற படித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஆங்கில இலக்கியம் படித்தவன். அந்தச் சுளிப்பு எந்தப் பாடத்திட்டத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நட்டவன் ரசனை கெட்டவன் என்று சொல்லுமுன் பகல் ஒரு மணிக்கு அங்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் பகல் ஒரு மணிக்கு இங்கே யாரும் தோட்டம் பார்க்கப் போவதில்லை. போவது விடியலிலும் அந்தியிலும். வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலமும் வெள்ளையும் நிற்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியலாளர் எழுதிவைத்தார். நம்மூர்ப் பெண்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மல்லிகையும் முல்லையும் நந்தியாவட்டையும் வீட்டு வாசலில் இருப்பதற்கு மணம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தியில் கண்ணுக்குக் கடைசிவரை மிஞ்சுவது வெள்ளை. ஸாக்வில்-வெஸ்ட்டும் தம் வெள்ளைத் தோட்டத்தை அந்தி வெளிச்சத்துக்காகவே யோசித்தார். இருவேறு தேசங்களில் ஒரே முடிவுக்கு வந்திருப்பதால் ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. கண் ஒரே கண்தான்.

4

இப்போது நம்முடைய பக்கம். சங்கப் பாட்டில் எல்லாம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இங்கே உடனே திணையைக் கொண்டுவருவார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்தும் பூக்களின், மரங்களின் பெயரைக் கொண்டவை. ஆகவே இது தமிழனின் நிறக் கோட்பாடு என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் இருப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. திணையில் பூ நிறத்தால் வேலை செய்யவில்லை. இடமும் பொழுதும் மனநிலையும் சேர்ந்த ஒரு கட்டுக்கு அது பெயர். புறத்திணையில் இது இன்னும் வெளிப்படை. வெட்சி சூடினால் ஆநிரை கவர்தல், கரந்தை சூடினால் மீட்டல், நொச்சி காவல், தும்பை போர், வாகை வெற்றி. வங்கியில் சலான் ஒரு நிறம், வவுச்சர் ஒரு நிறம் என்று வைத்திருக்கிறோமே, அது போல. என் தொழிலில் நிறத்துக்கு அழகு கிடையாது, வகை உண்டு. வெட்சியின் சிவப்பையும் தும்பையின் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று புறத்திணை கேட்பதில்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வருகிறது. சில பூக்களுக்கு மட்டுமே நிறம் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் பெயர், பெயர், பெயர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பூக்கள் செடியில் இல்லை. பெண்கள் அருவியில் ஆடிவிட்டுப் பறித்துக் கொண்டுவந்து பாறை மேல் குவிக்கிறார்கள். தமிழின் மிகப் பெரிய பூப்பட்டியல் பறித்த பூக்களின் பட்டியல்.

கோயில் நந்தவனமும் இதே வழியில் நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்று நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர்கள். திருப்புகலூர் முருக நாயனாருக்கும் அதுதான் தொண்டு. இவர்களில் யாரும் தோட்டத்தை நின்று பார்த்து ரசித்ததாகக் கதை இல்லை. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்பது மரபு. பொழுது விடியுமுன் குடலையை எடுத்துக்கொண்டு போய்ப் பறிப்பது, தொடுப்பது, சாத்துவது. செடியில் நிற்கும் பூ வேலை முடியாத பூ. ஆண்டாளின் கதையே மாலையைப் பற்றியது, தோட்டத்தைப் பற்றியதல்ல.

ஆகவே ஜீகிலின் கேள்வி நம்மிடம் எழாததற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. அந்தக் கேள்வி எழ வேண்டுமானால் பூ செடியிலேயே இருக்க வேண்டும். யாரும் அதைப் பறிக்காமல் இருக்க வேண்டும். பூக்களைப் பறிக்காதீர்கள் என்ற பலகை முதலில் வர வேண்டும். நிறத்திட்டம் அதற்குப் பிறகுதான். இந்தப் பலகையோடு வளர்ந்த தலைமுறைகளுக்கு அது எவ்வளவு புதிய வாக்கியம் என்பது தெரிவதில்லை.

இதை நான் புத்தகத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், மதில் சுவரை ஒட்டி, 30 அடி நீளமும் 4 அடி அகலமுமாக ஒரு பாத்தி இருக்கிறது. கார் நிறுத்தியது போக மிஞ்சிய இடம். அதில் எப்போதும் பூத்திருக்கும்படி ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. "நீங்கதான் சார் இதெல்லாம் படிக்கிறவர், கலர் எப்படி வரணும்னு ஒரு பிளான் போட்டுக் கொடுங்க" என்று செயலாளர் என்னிடம் விட்டார். கூடவே ஒரு பலகையும் வைத்துவிடலாம் என்றார். பலகை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். தரைத்தளத்து மாமி தினமும் ஐந்தரை மணிக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து அரளியையும் நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் பறித்துக்கொண்டு போய்விடுவார். நான் பேசிப் பார்த்தேன். "பறிக்காட்டா அது சாயங்காலம் மண்ணிலதானேடாப்பா விழப்போறது? பெருமாளுக்கும் இல்லாம, தலைக்கும் இல்லாம, காருக்குக் காட்டறதுக்கா பூ?" என்று கேட்டார். ஜீகிலிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இருக்கவில்லை.

5

அப்படியானால் நம்முடைய நிறச் சிந்தனை எங்கே இருக்கிறது? மாடவீதியில் இருக்கிறது. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டுகிறவர்களின் கையில் இருக்கிறது. கதம்பம் என்பது கண்டதையும் சேர்ப்பது என்று பெயரை வைத்து நினைக்கிறோம். நின்று பார்த்தால் அதற்கு ஓர் ஒழுங்கு தெரியும். வெள்ளை, வெள்ளை, கனகாம்பரம், மறுபடி வெள்ளை, நடுவில் மரிக்கொழுந்தின் பச்சை, பிறகு அரளியின் சிவப்பு, முதலிலிருந்து. முழத்துக்கு முழம் அதே வரிசை திரும்ப வரும். விகிதத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று ஒரு பூக்கார அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு வெள்ளைக்கு ஒரு கனகாம்பரம் போட்டாத்தான் தம்பி எடுப்பா இருக்கும். கூடப் போட்டா அடிக்கும்" என்றார். எடுப்பு, அடிப்பு: செவ்ரல் ஒரு பெரிய நூலாக எழுதியதற்கு இவை இரண்டு சொற்கள். நிறம் பற்றித் தமிழில் விமர்சனச் சொற்களே இல்லை என்று சொல்பவர்கள் பூக்கடையில் கேட்டதில்லை.

தி.நகரில் இன்னொரு பாதி. பட்டுப் புடவைக் கடையில் உட்கார்ந்தால் நிறங்களுக்குத் தனி அகராதியே வருகிறது: அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், சந்தனம். நிறத்தைப் பொருளின் பெயரால்தான் சொல்கிறார்கள்; வெளிர், அடர் என்ற அளவுச் சொல் குறைவு. காஞ்சிபுரத்துப் புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் கோர்வை. அதற்குத் தனித்தனி நாடா ஓட வேண்டும், தறியில் இன்னொரு கை உதவ வேண்டும். மாம்பழ மஞ்சள் மெல்ல மெல்ல அரக்காக மாறுவதில்லை. ஓர் இழையில் மஞ்சள் முடிகிறது, அடுத்த இழையில் அரக்கு. ஜீகிலின் பாத்தியில் நிறம் நகர்கிறது. இங்கே நிறம் சந்திக்கிறது. ஜீகிலின் முறையைப் பண்பட்டது என்றும் இதைப் பாமரம் என்றும் நாம் சொல்லப் பழகியிருக்கிறோம். உச்சி வெயிலில் நடந்துபோகிற ஓர் உடம்பின் மேல் எது தெரியும், கர்ப்பக்கிருகத்தின் எண்ணெய் விளக்கில் எது தெரியும் என்று கேட்டுப் பார்த்துத்தான் இதைத் தீர்மானித்திருப்பார்கள்.

தொல்காப்பியச் செய்யுளியலில் 20 வண்ணங்கள் சொல்லப்படுகின்றன. அங்கே வண்ணம் என்றால் ஓசை. நிறத்துக்கும் சந்தத்துக்கும் ஒரே சொல் இருப்பதை வைத்து ஒரு கோட்பாடு கட்ட எனக்கு ஆசைதான். சொல் ஒன்றாக இருப்பதால் மட்டும் கருத்து ஒன்றாகிவிடாது என்று என்னை நானே தடுத்துக்கொள்கிறேன். ஆனால் கதம்பத்தைப் பார்த்த பிறகு இவ்வளவு சொல்லலாம்: நம்மவர் நிறத்தை இடத்தில் பரப்பிப் பார்ப்பதைவிட, திரும்ப வரும் வரிசையாகக் கோத்துப் பார்த்திருக்கிறார்கள். பாத்தி அதற்கு மூலப்பொருள் தரும் கிடங்கு.

பாத்திக்கு என்ன செய்தேன் என்று கேட்கலாம். பூவை நம்பித் திட்டம் போட்டால் ஐந்தரை மணிக்கு அது போய்விடும். ஆகவே இலையை நம்பினேன். பின்வரிசையில் அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், கைக்கு எட்டும்படி, அவை பறிப்பதற்கு. நடுவில் அடர்ந்த பச்சை, வேறொன்றும் இல்லை. முன்னால், புடவைக் கரை மாதிரி, ஒரே நிறத்தில் வெட்சி, 30 அடிக்கும். சிறு பூ, கொத்தாக வருவது. நாலு கொத்துப் போனாலும் கோடு அறுந்துபோகாது. வாசல் பக்க முனையில் மட்டும் மல்லிகை, அந்திக்காக. நாற்றுப்பண்ணையில் வெட்சி கேட்டபோது ஆரஞ்சுதான் இருந்தது. ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் என்ன வருகிறதோ அதுதான் சென்னையின் நிறத்திட்டம் என்று பண்ணைக்காரர் சிரித்தார். சிவப்பு வரும் வரை காத்திருந்து வாங்கினோம். பலகை வேண்டாம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். இருவர் எதிர்த்தார்கள், தீர்மானம் நிறைவேறியது.

கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. எதிர்ப்பக்கம் 2024இல் இன்னொரு பெரிய பூங்கா. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பூ பார்க்க வருகிறார்கள். பறிக்காமல் பார்ப்பதும் ஒரு பண்பாடுதான், எல்லோருக்கும் பொதுவான பண்பாடு. பறித்துத் தொடுக்கும் பண்பாட்டில் யார் பறிக்கலாம், யார் தொடுக்கலாம், யார் கொடுத்தால் கோயிலில் வாங்கிக்கொள்வார்கள் என்ற கணக்குகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. மாலையைப் புகழ்கிறபோது இதை மறைத்துவிட்டுப் பேசினால் அது பழமைக்குச் சாமரம் வீசுவதாகிவிடும். பூங்காவில் நுழைவுச் சீட்டு வாங்கிய யாரும் எந்தப் பூவின் எதிரிலும் நிற்கலாம்.

ஆனாலும் அந்தப் பூங்காக்களில் நிறத்தை வகுப்பவர்கள் ஒரு தடவை மாடவீதிக்கு வந்து போகலாம் என்றே நினைக்கிறேன். நம் விமர்சகர்களுக்கும் இதையே சொல்வேன். வெளியிலிருந்து வந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே நூல் நூலாகத் தேடி, ஒன்றும் இல்லை என்று அறிக்கை விடுகிறோம், அல்லது எல்லாம் இருந்தது என்று இல்லாததைச் சொல்கிறோம். செய்கிறவர்கள் எந்தச் சொல்லால் செய்கிறார்கள் என்று கேட்பது மூன்றாவது வழி. எடுப்பு, அடிப்பு, கோர்வை, கரை என்ற சொற்களை வைத்துக்கொண்டு ஒரு கவிதையைப் பற்றியும் பேச முடியும். யாராவது பேசிப் பார்க்க வேண்டும்.